சாம்பல் மனிதன் எங்கே போனான்?

சங்கரு, கோமதி... இந்த வாரம் இது உங்கள் இரண்டு பேருக்கும்தான். இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிற மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இனிமேல் இல்லை.

ஒரே வீட்டில் பத்தடி தூரத்தில் படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு அப்பன் எதற்காகப் பத்திரிகையில் எழுத வேண்டும்? நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் வந்தது. அதனால் இப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தீபாவளி ஸ்பெஷல் காமிக்ஸ். பஸ் ஸ்டாண்டு கடையில் சங்கர் ஒரு மாதமாகச் சொல்லிவைத்து வாங்கிய புத்தகம். இதுவரை தனித்தனிப் புத்தகத்தில் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் முதல்முறையாக ஒரே கதையில் — ககன வீரனும் சாம்பல் மனிதனும்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ககன வீரன் வானத்தில் பறப்பான். வெள்ளை உடுப்பு. யாரையும் கொல்லமாட்டான். குழந்தைகளைக் கண்டால் கையசைப்பான். சாம்பல் மனிதனுக்குப் பறக்கத் தெரியாது. பழைய கோட்டு, சவரம் பண்ணாத முகம், கையில் துப்பாக்கி. கெட்டவர்களைத்தான் சுடுவான். ஆனாலும் போலீசுக்கும் அவனைப் பிடிக்காது, சனங்களுக்கும் பிடிக்காது.

கோமதி ககன வீரன் கட்சி. சங்கர் சாம்பல் மனிதன் கட்சி. புத்தகம் ஒன்று, தலை இரண்டு. நடுவில் ஒரு தாள் கிழிந்தும் போயிற்று.

"ஏட்டி, மெதுவாத் திருப்பு. மொதல்ல ரெண்டு பேரும் அடிச்சிக்கிடுவாங்க, பொறவு சேந்துக்கிடுவாங்க. இந்த மாதிரிப் புஸ்தகத்துல எல்லாம் அப்படித்தான்," என்றான் சங்கர்.

"அதெப்படிச் சேருவாங்க? ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் ரவுடி."

"நம்ம ஊரு சாமியப் பாரு. பாதி சிவன், பாதி பெருமாள். யாரு பெருசுன்னு சண்டை போட்டவங்களுக்கு ஒரே உடம்பா நின்னு காட்டலையா? அது மாதிரிதான்."

"சாமி கையில துப்பாக்கியாண்ணே இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது சிரித்த பிறகுதான் தெரிந்தது.

சண்டையைத் தீர்க்க நானே புத்தகத்தை வாங்கி உரக்க வாசித்தேன். ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கு நடுவில் இருக்கிற பாலம் இடிந்து விழுகிறது. யார் செய்தது? எல்லாரும் ஒரே குரலாகச் சாம்பல் மனிதனைக் கைகாட்டுகிறார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை — அவன்தான் கெட்டவன் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறதே. ககன வீரன் பறந்துபோய் அவனை அடிக்கிறான். பக்கம் பக்கமாக அடிக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, இடித்தது வேறு ஆள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளைப் பிடிக்கிறார்கள்.

கடைசிப் படத்தில் ஊரே திரண்டு ககன வீரனுக்குக் கையாட்டுகிறது. ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பல் மனிதன் நடந்துபோகிறான். சுபம்.

கோமதி புத்தகத்தை மூட விடவில்லை.

"அப்பா, இவரு அவனைத் தப்பாத்தானே அடிச்சாரு? பொறவு ஏன் மன்னிப்புக் கேக்கல?"

"பக்கம் தீந்துபோயிருக்கும்மா."

"அதுக்கு ஒரு பக்கமா வேணும்? ஒரு வரி போதும்லா."

"அவரு ஹீரோட்டி," என்றான் சங்கர். "ஹீரோ மன்னிப்புக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"சரி... இந்தச் சாம்பல் மனுசன் எங்க போறான்? அவனுக்கு வீடு உண்டா?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். அரைமணி நேரம் திரும்பி வரவில்லை. "அப்பா எங்க?" என்று நீங்கள் கேட்டதும் காதில் விழுந்தது. அப்பா பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கிற பவர்லூம் கூடத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். சத்தம் தாங்காமல் கோமதி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து ஓடுகிற மரத்துண்டுக்கு நாடா என்று பேர். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் அது துள்ளி வெளியே பாய்ந்துவிடக்கூடாது என்று தறியின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி மாட்டியிருப்பார்கள்.

அந்தக் கம்பி எங்களுக்கு இடைஞ்சல். நூல் அறுந்தால் அதற்கு அடியில் கையை நுழைத்து முடிச்சுப்போட வேண்டும். கழற்றிவிட்டால் வேலை வேகமாக ஓடும். அதனால் எல்லாரும் கழற்றுவோம். தன் ஷிப்டு முடிகிறபோது மாட்டிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் எங்கள் கூடத்தில் சட்டத்துக்கு மேலே ஒரு வழக்கம் உண்டு — ஷிப்டு மாறும்போது தறியை நிறுத்தக்கூடாது. ஓடுகிற தறியை ஓடவிட்டபடியே அடுத்த ஆள் கையில் ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். நிறுத்திக் கொடுத்தால், "என்னவே, தொட்டில்பிள்ளையா... தூங்கப்போட்டுக் குடுக்கேரு?" என்று சிரிப்பார்கள்.

கம்பியை மாட்ட வேண்டுமென்றால் தறியை நிறுத்த வேண்டும். புரிகிறதா?

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், மத்தியானம் இரண்டு மணி. ஆறாம் நம்பர் தறியை ஓடவிட்டபடியே மாடசாமி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கம்பி தறிக்கு அடியில் கிடந்தது. கழற்றியது நான். சொல்லவும் இல்லை. அந்தச் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மாடசாமி யார் என்று உங்களுக்குத் தெரியும். தேர்த் திருவிழாவில் அடிதடி செய்து இரண்டு நாள் ஸ்டேஷனில் இருந்தவன். குடிப்பான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. "மாடசாமி மாதிரி ஆயிராதீங்க" என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? இந்தப் பக்கத்தில்கூட, பேர் போடாமல், ஒரு வாரம் முழுக்க அவனைப் பற்றித்தான் எழுதினேன். நல்லா இருந்தது என்று கடிதங்கள்கூட வந்தன.

எதிர்த்த கடையில் டீயை வாங்கி இரண்டு வாய் குடித்திருப்பேன். தறிகள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. ஓடுகிற சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. நின்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். ஓடினேன்.

நூல் சுற்றிக் கொடுக்கிற பேச்சியம்மாள் கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணைப் பொத்தியிருந்த கை முழுக்க ரத்தம். நாடா பக்கத்தில் கிடந்தது. மாடசாமிதான் அவளைத் தூக்கிக் காரில் ஏற்றினான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். கண் போனது போனதுதான்.

மறுநாள் காலை முதலாளி எல்லாரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"கம்பிய எவம்லே கழட்டுனது?"

"நான் வரும்போதே கம்பி இல்ல, மொதலாளி," என்றான் மாடசாமி.

"அப்பம் அண்ணாச்சிதான் கழட்டியிருப்பாரு, என்னா? பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் பேப்பர்ல எழுதுத மனுசன், கம்பியக் கழட்டிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு."

முதலாளி என்னைக் காட்டிச் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். மாடசாமி என்னைப் பார்த்தான். தறி ஓடிக்கொண்டிருந்தால் நாடா பத்துப் பன்னிரண்டு தடவை போய்வந்திருக்கும், அவ்வளவு நேரம். நான் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பிய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் அவனும் சிரித்தான். "சரி மொதலாளி. நான்தான்னு வச்சிக்கிடுங்க."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தான். முற்றத்தைத் தாண்டி, கேட்டு வரைக்கும் முதுகு தெரிந்தது. யாரும் நிறுத்தவில்லை. யாரும் என்ன யாரும்... நான் நிறுத்தவில்லை.

இப்போது புரிகிறதா, தண்ணீர் குடிக்க ஏன் எழுந்துபோனேன் என்று?

எட்டாம் வகுப்பு படித்தவன் நான். பெரிய யோசனை எல்லாம் வராது. கல்லில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்றுதான் தோன்றியது. அந்த வெள்ளை உடுப்புக்காரன் பக்கத்தில் எதற்காக அந்தச் சாம்பல்காரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்? வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியத்தான். மாடசாமி இருந்தவரை எங்கள் கூடத்தில் நான் நல்லவன். அதற்காக நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அவன் பக்கத்தில் நின்றால் போதும்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கணக்கப்பிள்ளையும் கூட இருந்தார். முதலாளி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடவில்லை.

"விடும் அண்ணாச்சி. அவன் போனது பல்வலி போன மாதிரி இருக்கு. நீரு இப்பம் வந்து எதுக்கு நோண்டுதேரு? போயித் தறியப் பாரும்."

பார்த்தீர்களா? குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது.

பேச்சி மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்து நூல் சுற்றுகிறாள். அவளிடமும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள். நான் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். முகத்தை முழுசாகத் திருப்பித்தான் என்னைப் பார்க்க முடிந்தது.

"யாரு கழட்டுனாலும் நான் இப்படித் திரும்பித்தானே பாக்கணும் அண்ணாச்சி," என்றாள். கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மாடசாமியைத் தேடி அவன் ஊரான கரிவலத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் அவன் பெண்டாட்டி மட்டும்தான் இருந்தாள். வாசலிலேயே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"அவரு இல்ல. ஈரோட்டுப் பக்கம் தறிக்குப் போயிட்டாரு."

"விலாசம் இருக்காம்மா?"

"போயி எழுதுதேன்னாரு. இன்னும் எழுதல."

"அந்தக் கம்பிய..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கழட்டுனதுதானே? அன்னைக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சும் ஏன் அங்கன சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பாகளா?" கதவைப் பாதி சாத்தப் போனவள் நின்றாள். அப்புறம், "எங்க பய நீங்க எழுதுதத வாராவாரம் சத்தம்போட்டு வாசிப்பான். 'அவரு பொய்னு ஆயிட்டா, இவன் வாசிச்சதெல்லாம் பொய்யாயிரும்ட்டி, விடு'ன்னாரு. குடிச்சிட்டுச் சொல்லல. நல்லாத்தான் இருந்தாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் எழுதியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது. செய்த தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பழியைச் சுமக்க விடக்கூடாது... எத்தனை வாரம். அதை எல்லாம் காப்பாற்றிவிட்டுப் போனவன், யாரை மாதிரி ஆகிவிடாதீர்கள் என்று உங்களிடம் சொன்னேனோ அதே ஆள்.

ஆகவே கரிவலத்தில் இதைச் சத்தம்போட்டு வாசிக்கிற தம்பிக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பியைக் கழற்றியது உன் அப்பா இல்லை. நான். உன் அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. இதை இரண்டு தடவை வாசி. உன் அம்மாவுக்குக் கேட்கட்டும்.

சங்கரு, கோமதி, இனிமேல் இந்தப் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்தாலும் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் உங்களை யாராவது கேலி பண்ணலாம். "அது எங்கப்பா இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நான்தான்.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா ரேஷன் கடையில். அலமாரியிலிருந்து அந்தக் காமிக்ஸை எடுத்துக் கிழிந்த தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். அப்புறம் கடைசிப் படத்தைத் திருப்பினேன். ககன வீரன் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் அந்த முதுகு.

கோமதியின் பென்சிலைச் சீவி, ககன வீரன் வாய் பக்கத்தில் ஒரு பேச்சு பலூன் வரைந்தேன். எனக்கு வரையத் தெரியாது. சின்னதாகப் போய்விட்டது. இரண்டு வார்த்தைதான் கொண்டது.

"நில்லு, மாடசாமி."