மீன்சுருட்டிக்கு இறால் சோதிக்கப் போய்க் கடி வாங்கிய கதை

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் மறுமொழியில் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் அந்தப் பக்கம் போனது சாமி கும்பிட இல்லை, ஓர் இறால் பண்ணைக்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்க.

சென்னையில் இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஐரோப்பாவுக்குப் போகிற இறாலில் தடை செய்த மருந்து ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தருவேன். அங்கே வாங்குகிறவர்களின் கெடுபிடி அப்படி: ஏரி நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்திருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். 2005 மாசியில் மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து அறுவடைக்கு முன் அனுப்பிய மாதிரியில் அப்படி ஒரு மருந்து தெரிந்தது. இன்னொரு தடவை தெரிந்தால் நாங்கள் வாங்குகிற பண்ணைகளின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அப்படி நீக்கிய பண்ணையிடம் வேறு கம்பெனியும் வாங்காது. பண்ணைக்காரர் முருகையன், "சத்தியமா எதுவும் போடலைங்க" என்று போனில் சொன்னாராம். போடாமல் வானத்திலிருந்தா விழும்? "நீயே போய்ப் பார்த்துட்டு வாம்மா" என்றார் மேனேஜர். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். பொய் சொல்கிறவரைப் பிடிக்கிற வேலை என்றால் சம்பளம் இல்லாமலே போவேன்.

எழும்பூரில் ரயில் ஏறிப் படுத்தவள் காலை ஐந்தேகாலுக்கு அரியலூரில் இறங்கினேன். படுக்கை டிக்கெட் 140 ரூபாய். இந்த ஊரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், பிறகு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரரிடம், "இப்ப நீங்க எந்த மாவட்டம்ணே?" என்று கேட்டேன்.

"நேத்து வரைக்கும் பெரம்பலூருங்க. இன்னிக்குப் பேப்பர் இன்னும் வரலை" என்றார். டீ இரண்டரை ரூபாய், நல்ல டீ.

ஆறு பத்துக்கு ஜெயங்கொண்டம் பஸ். 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 11 ரூபாய். ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தது என் தப்பு. சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் வரிசை கட்டி வந்ததில், ஜெயங்கொண்டத்தில் இறங்கியபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அங்கிருந்து மீன்சுருட்டிக்கு வேறு பஸ், ஐந்து ரூபாய். போகிற வழியில் இடது பக்கமோ வலது பக்கமோ, திடீரென்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரியும், கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நான் தூங்கிவிட்டேன்.

மீன்சுருட்டியிலிருந்து பண்ணைக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ நாற்பது ரூபாய். ஆட்டோக்காரரிடமே என் துப்பறியும் வேலையை ஆரம்பித்தேன். "அந்தப் பண்ணையில மருந்து கிருந்து போடுவாங்களாண்ணே?"

"முருகையனா? அவரு காய்ச்சல் வந்தாலே மாத்திரை போட மாட்டாருங்க. கசாயம்தான். எறாவுக்கா வாங்கிப் போடப் போறாரு?"

சரி, இவரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

ஒன்பது மணிக்குப் பண்ணை. நெல் வயலைத் தோண்டிய இரண்டு குளங்கள், சுற்றிலும் முந்திரித் தோப்பு, ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு. முருகையனுக்கு ஐம்பது வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி செல்வி அக்கா எதுவும் கேட்கவில்லை. இட்லியும் இறால் தொக்கும் வைத்து, "மொதல்ல சாப்புடுங்க மேடம், பொறவு திட்டுங்க" என்றார். சாப்பிட்டுவிட்டு எப்படிக் குற்றம் கண்டுபிடிப்பது என்று தயங்கினேன். ஆறு இட்லி வரை தயங்கினேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். தீவன மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தேன். ஒளித்து வைத்ததுபோல் இருந்த ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன், நல்லெண்ணெய். பொட்டலத்தில் இருந்தது சுண்ணாம்பு. எந்தத் தேதியில் எந்த மருந்து போட்டார்கள் என்று எழுத நாங்கள் கொடுத்த ரிஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் "இல்லை" "இல்லை" என்றே இருந்தது. முருகையன் பின்னாலேயே வந்தார். "மேடம், இது மூணு போகம் வெளைஞ்ச நெலம். ஆறடி தோண்டிட்டேன். பட்டியல்லேருந்து எடுத்துட்டீங்கன்னா, தோண்டினதை மூடி மறுபடி நெல்லு போட முடியுங்களா?" என்றார். பரிதாபமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

முதல் குளத்தில் ஐந்து பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பெரிய இறாலைக் கையால் பிடித்துக் கூடையில் போட்டு அடுத்த குளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியதை எடுக்காவிட்டால் சின்னதை வளரவிடாதாம். "மாதிரியை நானே பிடிக்கிறேன்" என்று சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கூடையில் இருந்த ஒன்றின் மேல் கை வைத்தேன். இந்த நன்னீர் இறால் ஆணுக்கு ஒரு சாண் நீளத்தில் நீலக் கொடுக்கு உண்டு என்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அது என் ஆள்காட்டி விரலைக் கவ்வியபோதுதான் நேரில் தெரிந்துகொண்டேன்.

"ஐயோ அம்மா!"

"மேடம் எறாவ டெஸ்ட் பண்ண வந்தாங்க, எறா மேடத்த டெஸ்ட் பண்ணிடுச்சுடி!" என்று ஒரு பெண் சொல்ல, குளமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

செல்வி அக்கா ஓடிவந்து கரையில் உட்கார வைத்து, இடுப்பில் செருகியிருந்த ட்யூபைப் பிதுக்கி விரலில் தடவினார். "ரெண்டு நாள்ல ஆறிடும்மா. இவளுவளுக்கெல்லாம் காலையிலயும் சாயந்தரமும் நான்தான் தடவி வுடுறேன்." மேடம் போய் அம்மா ஆகிவிட்டது. களிம்பு நல்ல மஞ்சள் நிறம். என் விரலும் மஞ்சள், அவர் உள்ளங்கையும் மஞ்சள். அந்தக் கையோடு அப்படியே திரும்பி உட்கார்ந்து, தீவனத்தில் முட்டையை உடைத்து ஊற்றி அக்கா பிசைய ஆரம்பித்தார்.

ட்யூபை எடுத்துப் படித்தேன். எந்த மருந்தைத் தேடி சென்னையிலிருந்து வந்தேனோ, அதே பெயர்.

"அக்கா! நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த காக்கைகூடப் பறந்திருக்கும். அக்கா பயந்து கையைத் தூக்கிக்கொண்டார். விளக்கிச் சொன்னேன். மனிதர் புண்ணுக்குத் தடவ இதை எந்த மருந்துக்கடையிலும் தருவார்கள். ஆனால் கையிலிருந்து தீவனத்துக்கும் தீவனத்திலிருந்து இறாலுக்கும் போனால், எங்கள் சோதனைக்கூட எந்திரத்துக்குத் தெரிந்துவிடும். காலையில் ருசித்துத் தின்ற தொக்கு ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தது. சரி, போகட்டும்.

முருகையன் ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினார். "ரிஜிஸ்டர்ல எறாவுக்குப் போட்ட மருந்தத்தானே எழுதச் சொன்னீங்க? கைக்குப் போட்டத எந்தக் கட்டத்துல மேடம் எழுதுறது?" நியாயமான கேள்வி. அவரைப் பொய்யர் என்று நினைத்ததற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

அக்காதான் உடைந்துபோனார். "அப்ப நான்தானா? கெடுத்தது நான்தானா?" என்று கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கொடுக்கு கவ்விய தழும்பும், இறாலின் தலைமுள் கிழித்த கோடும். சட்டென்று நிமிர்ந்தார். "அது சரிம்மா. கடலுக்கு அந்தாண்ட இருக்கறவுகளுக்கு என் கையில தடவுன மருந்து தெரிஞ்சிருக்கு. கையில புண்ணு இருக்கறது தெரியலையா?"

சுரீரென்றது. அவர்களை ஏன் சொல்ல வேண்டும், எனக்கே தெரியவில்லையே. நாலு வருஷமாக இறாலைச் சோதிக்கிறேன். பிடிக்கிற கை ஒன்று இருக்குமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

களிம்பை நிறுத்துவது, தீவனத்தை அகப்பையால் கிளறுவது, அறுவடையை இரண்டு மாதம் தள்ளிப்போட்டுப் புது மாதிரி அனுப்புவது என்று பேசி முடித்துக் கிளம்பினேன். நாலரைக்குக் கோயில். காலில் சேறு, விரலில் மஞ்சள், ஆனாலும் அந்தப் பெரிய நந்தியின் நிழலில் உட்கார்ந்தபோது மனசு லேசாக இருந்தது.

போகிறவர்களுக்கு: என்னைப் போல அரியலூர் சுற்றிப் போகாதீர்கள். சென்னையிலிருந்து சேத்தியாத்தோப்பு வழி கும்பகோணம் பஸ் மீன்சுருட்டியில் நிற்கும், இதைத் திரும்பி வரும்போதுதான் ஒருவர் சொன்னார். கோயில் பன்னிரண்டுக்கு மூடி நாலு மணிக்குத் திறப்பார்கள். மதியம் போய்ச் சுடுகல்லில் கால் வைத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். பண்ணை பார்க்க ஆசையென்றால் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள், கூடைக்குள் மட்டும் கை விடாதீர்கள்.

என் அறிக்கையில் பிடிக்கிறவர்களுக்குக் கம்பெனி செலவில் கையுறை தர வேண்டும் என்று எழுதினேன். "வாங்கறவங்க இதைக் கேக்கலையேம்மா" என்றார் மேனேஜர். "கேக்க மாட்டாங்க சார், நாமதான் குடுக்கணும்" என்று நான் போட்ட சண்டையில் பன்னிரண்டு ஜோடி பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த புது மாதிரியில் ஒன்றுமே தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டே மீன்சுருட்டிக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தார்.

"கை எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

அக்கா மெல்ல, "ஏம்மா... மறுபடியும் மருந்து தெரிஞ்சிடுச்சா?" என்றார்.

"ஐயோ, இல்லக்கா. பாஸாயிடுச்சு. கை எப்படி இருக்குன்னுதான் கேட்டேன்."

"நெசமாவா? கம்பெனியிலேருந்து கையக் கேட்டா போன் பண்ணுன?"