‘ஊத்தட்டும் மேடம், இறைச்சிடலாம்’

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜெபராஜ் சார்தான் வரத் தாமதமாகும் என்று சொல்லப்போகிறார் என நினைத்து, “இன்னைக்கு என்ன கதை சார்?” என்றே எடுத்தேன். மறுமுனையில் அவருடைய தம்பி. “அண்ணன் விடியக்காலம் போயிட்டாங்க மேடம். நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டல” என்றார். கையிலிருந்த லேபிளை எங்கே ஒட்டினேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபராஜ் நிலவியல் படித்தவர். தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை போட்ட குடும்பம். மூத்த மகன் கல்லாவில் உட்காருவான் என்று அப்பா பார்த்தால், மகன் மண்ணைத் துளைக்கப் போய்விட்டார். நிலத்தடி நீரைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவர் குழாய்க் கிணறு இறக்குவார், நான் அதன் நீரைச் சோதிப்பேன். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்றரைக்குத்தான் வருவார். வழியில் யாராவது வீட்டுக் கஷ்டம் சொல்லியிருப்பார்கள், இவர் நின்று கேட்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ பேசாமல் டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துவார். அவர் மனைவி மெர்சி வைக்கும் மீன் குழம்புக்கு முன்னால் என் கோபம் ஒருநாளும் நின்றதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. மூடிப்போன ஓர் ஆலையின் கழிவுக் குட்டை, அதை ஒட்டி ஒரு மீனவர் தெரு. குட்டையின் விஷம் மண்ணுக்குள் இறங்கித் தெருப்பக்கம் வருகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறு ஒன்று போட வேண்டும். பெயர்தான் கிணறு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அடியில் மெல்லிய கீறல்கள், மேலே சிமென்ட், பூட்டு போட்ட இரும்பு மூடி. நிலத்து நீரைத் தவிர வேறொரு சொட்டு உள்ளே போகக் கூடாது.

குழாயில் தண்ணீர் ஊறிய அன்று தெருவே திரண்டு வந்துவிட்டது. முன்னால் தேவகியம்மா. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். தட்டில் கற்பூரம், இன்னொரு கையில் ஒரு செம்பு. புதுத் தண்ணீர் கண்டால் பால் ஊற்றுவது அவர்கள் வழக்கம். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் மஞ்சள் கலந்த பால் முழுவதும் குழாய்க்குள் போயிருந்தது.

“யாரைக் கேட்டு ஊத்தினீங்க? இத்தனை நாள் பட்ட பாடு வீணாப் போச்சு!” என்று கத்தினேன். பெண்களின் முகம் சுருங்கிவிட்டது.

ஜெபராஜ் சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரத்தின் முன் கைகூப்பி நின்றிருந்தார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர். என் பக்கம் திரும்பி, “ஊத்தட்டும் மேடம், இறைச்சிடலாம்” என்றார்.

அப்புறம் தேவகியம்மாவிடம், “இது குடிக்கிற கிணறு இல்லம்மா. பூமிக்கு நாடி பிடிச்சுப் பார்க்கிற கிணறு. பொட்டு வேணும்னா மூடிக்கு வையுங்க. உள்ள மட்டும் இனிமே எதுவும் வேண்டாம்” என்றார்.

“இன்னா நைனா, கெணறும் போட்ட, குடிக்க வாணாம்னும் சொல்ற!” என்று தேவகியம்மா சிரித்தார்.

அன்று அந்தக் குழாயை ஜெபராஜ் சார் இறைத்துக்கொண்டே இருந்தார். முதலில் வெளுப்பாக வந்தது, பிறகு கலங்கலாக. சாயங்காலம்தான் தெளிந்தது. பிறகும் விடாமல் இறைத்தவர், மறுநாள் காலையில் குப்பியில் பிடித்து, தெருவே குடித்துவந்த கைபம்பின் தண்ணீரையும் சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

இரண்டு குப்பியிலும் விஷம் இருந்தது.

“அறிக்கை போகட்டும். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்றார் எங்கள் முதலாளி.

ஜெபராஜ் சார் மாடிப்படியில் என்னிடம் கேட்டார்: “அறிக்கை மெதுவாப் போய்ச் சேரும் மேடம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க எதைக் குடிக்கும்?”

மறுநாள் அந்தத் தெருவுக்கு அவரோடு நானும் போனேன். இவரைத் தனியாக விட்டால் நாலு வீட்டில் டீ குடித்துவிட்டு விஷயத்தை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்ற பயம்தான். ஆனால் அவர் நேரே பம்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். தேவகியம்மா கொதித்துப்போனார்.

“பால் ஊத்தி வச்சோமே நைனா! கெணறு போட வந்துட்டு, கீற பம்பையும் வாணான்றியே. நாங்க இன்னாத்த குடிக்கறது? நீ நல்லாருப்பியா?”

“நான் சொல்றது பொய்யாயிருந்தா எனக்கும் சந்தோஷம்தாம்மா. இந்தத் தண்ணியை என் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டேன். உங்க பிள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கச் சொல்லுவேன்?”

தேவகியம்மா வீட்டுக்குள் போய்ப் பழைய வலைக்கயிறு ஒன்றை எடுத்துவந்து, பம்பின் கைப்பிடியைத் தானே இறுக்கிக் கட்டினார்.

முதலாளி ஒரு மாதம் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஜெபராஜ் சாரோ அந்தப் பெண்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த பிறகுதான் ஓய்ந்தார். அதன்பின் நாங்கள் மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் கிணற்று மூடியில் குங்குமம் இருக்கும், சில நாள் பூவும் இருக்கும். உள்ளே எதுவும் விழுந்ததில்லை. என் சோதனைகள் அதற்குச் சாட்சி.

அடக்கத்துக்கு மறுநாள் மெர்சியோடு கல்லறைக்குப் போனேன். எங்களுக்கு முன்பே அந்தத் தெருப் பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். தேவகியம்மா கையில் செம்பு. மறுநாள் பால் ஊற்றுவதும் அவர்கள் வழக்கம்.

“எங்க சபையில இது பழக்கமில்லைங்க” என்று ஜெபராஜ் சாரின் தம்பி தயங்கினார். தேவகியம்மா என்னைப் பார்த்தார்.

“கெணத்துல ஊத்தசொல்லோ நீதான மேடம் திட்டுன? இங்க ஊத்தலாம்ல?”

மெர்சிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஊத்தட்டும்” என்றார்.

தேவகியம்மா பாதி ஊற்றிவிட்டுச் செம்பை என்னிடம் நீட்டினார். ஈரம் காயாத மண்ணில் மீதியை நான் ஊற்றினேன். மண் உடனே குடித்துக்கொண்டது.

இந்தப் பாலை இறைக்க வேண்டாம் சார், இருக்கட்டும். போய் வாருங்கள்.