பில்லக்காவும் திறக்காத போனும்

அந்தப் பல்பொருள் அங்காடியில் வேலை செய்கிறவர்களுக்கும் சரி, சாமான் வாங்க வருகிறவர்களுக்கும் சரி, அவள் பில்லக்காதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்கிறது. கடையில் ஸ்கேனர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானுக்கும் நாலு இலக்கத்தில் ஓர் எண் இருந்தது. அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, வீடு மாறியாயிற்றா என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். வலது கை தன் பாட்டுக்கு எண்பலகையில் தட்டிக்கொண்டே போகும். ஒரு பில்லில் பிசகு வந்ததில்லை. இப்போது மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். கழுத்தில் அட்டை, கையில் வாக்கிடாக்கி, மூக்கில் கண்ணாடி. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

அவள் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊருக்கு அவர் மைக்காரர். கம்ப்யூட்டர் குரல் வருகிறவரை வண்டி வருவதும் போவதும் அவர் வாயில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மைக்கை இறக்கி வைத்த பாடில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் அறிவிப்பு, பால்காரர் வந்தால் அறிவிப்பு, மாமியார் வருகிறார் என்றால் கொஞ்சம் எச்சரிக்கை கலந்த அறிவிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கணீர்க் குரல்.

போன வருஷம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் போயிற்று. மிச்சமிருப்பது காற்று கலந்த ஒரு கிசுகிசுப்பு. மனுஷர் அசரவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரை மேசையில் தட்டுவார். கோபம் வந்தால் டம்ளரை விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டுவார். காய்கறிக்காரரிடம் காதோடு காதாகப் பேரம் பேசி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று வேறு சொல்லிவிட்டு வருவார்.

அவர் சமாளித்துக்கொண்டார். பில்லக்காவால்தான் முடியவில்லை. அந்தக் குரலை ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, அது எப்படி இருக்கும் என்பதே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்ததுதான். தேடாத இடமில்லை. குடும்ப வீடியோக்களில் எல்லாம் எந்தப் புண்ணியவானோ பேச்சை அமுக்கிவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தான். அதில் மைக்காரர் வாய் அசைகிறது, யாரோ ஒரு பெண் பாடுகிறாள். ரயில் நிலையத்தில் கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும்மா பதிவு பண்ணி வெச்சாங்க?" என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. அலாரம்! அவள் காலையில் எழுந்திருக்க மாட்டாள் என்பதற்காக, பழைய போனில் மைக்காரர் தன் குரலிலேயே ஓர் அறிவிப்பைப் பதிவு செய்து அலாரமாக வைத்திருந்தார். புதுப் போன் வாங்கிய அன்று அலாரத்தை நிறுத்திவிட்டு, பழையதை அலமாரியில் போட்டது அவளேதான்.

போன் போர்வைகளுக்கு அடியில் இருந்தது. திரையின் மூலையில் விரிசல், மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. சார்ஜ் ஏறி உயிர் வந்ததும் பின் நம்பரைக் கேட்டது. பில்லக்கா சிரித்துக்கொண்டாள். அது என்ன பெரிய விஷயம்? வெங்காயத்தின் எண்தான். கடையில் அதிகம் தட்டிய எண் என்பதால் அதையே வைத்திருந்தாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினாள்: ஏழு, ஒன்று, ஒன்பது, மூன்று.

தவறான பின் நம்பர் என்றது போன்.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் தவறு. உருளைக்கிழங்கைப் போட்டுப் பார்த்தாள், தக்காளியைப் போட்டுப் பார்த்தாள். கல்யாண நாளைக் கூடப் போட்டாள். போன் மசியவில்லை. அரைமணி நேரம் கழித்து வா என்று அவளையே விரட்டியது.

மேசையில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். மைக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"எதுக்கு இந்த ஓட்டை டப்பாவோட மல்லுக்கட்டுற?" என்று கிசுகிசுத்தார்.

"பழைய போட்டோ கொஞ்சம் இருக்குங்க."

பொய்தான். இழந்த குரலை அவர் காதில் போட்டு, ஆறின புண்ணைக் கிளற அவளுக்கு மனசில்லை. தனியாகக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எண்ணம்.

மறுநாள் போன் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பின் நம்பர் மறந்துட்டா எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தாங்க்கா தொறக்கணும்."

"மறக்கலை தம்பி. நம்பர் நல்லாத் தெரியும். அதுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அவர், பரிதாபமாக. பிறகு திரையில் வந்திருந்த எச்சரிக்கையைக் காட்டினார். "இங்க பாருங்க. இன்னும் ஒரே ஒரு வாட்டிதான். அதுவும் தப்பாப் போச்சுன்னா போன் தன்னால உள்ள இருக்குறத எல்லாம் அழிச்சுடும். யோசிச்சுப் போடுங்க."

அதற்குப் பிறகு பில்லக்காவுக்கு வேலையே ஓடவில்லை. போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதைத் தொடவும் பயந்து, தொடாமல் இருக்கவும் முடியாமல் அலைந்தாள். தான்தான் எண்ணை மாற்றிவிட்டோமோ, புத்தி பிசகிவிட்டதோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிஸ்கட் அடுக்கில் சோப்பை அடுக்கியவரைத் திட்டாமல் தாண்டிப் போனாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல என்று கடை முழுக்கப் பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் நெரிந்தது. பார்த்து அன்றைக்கென்று ஒரு கவுண்டரில் ஸ்கேனர் படுத்துவிட்டது. கவுண்டர்ப் பெண்ணுக்கு அழுகை வரும்போல இருந்தது. "நகரும்மா," என்று பில்லக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய எண்கள் இன்னும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. முதலில் கொஞ்சம் தயங்கிய கை, நாலாவது சாமானுக்குள் பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அட, நம்ம பில்லக்கா!" என்றார். அவளும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் வெங்காயப் பையை வைத்தார். கை தானாகப் போயிற்று. இடது மேல் மூலை, இடது கீழ் மூலை, வலது மேல் மூலை, வலது கீழ் மூலை.

அப்படியே கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள்.

இங்கே ஏழு மேலே இருக்கிறது. போனில் ஏழு எங்கே இருந்தது? கீழே! கைப்பையை இழுத்துப் போனைப் பார்த்தாள். ஆமாம், பில் போடும் பலகையில் ஏழு எட்டு ஒன்பது மேல் வரிசை. போனில் ஒன்று இரண்டு மூன்று மேல் வரிசை. இரண்டும் தலைகீழ். அந்தக் காலத்தில் அவள் எண்ணைப் பார்த்தா தட்டினாள்? இடத்தைத்தானே தட்டினாள்! போனுக்குப் பின் நம்பர் வைத்த அன்றும் யாரிடமோ பேசிக்கொண்டே கை போன போக்கில் நாலு மூலையைத் தட்டியிருக்கிறாள். திரையில் புள்ளிதானே தெரியும், எண் எங்கே தெரிந்தது? வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ வைத்து, வருஷக்கணக்கில் அதையே தட்டித் திறந்திருக்கிறாள். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒழுங்காகப் பார்த்துப் போட்டதுதான் தப்பாகப் போயிற்று.

"என்னக்கா, வெங்காயம் விலை ஏறிடுச்சா?" என்று பெரியவர் பதறினார்.

"இல்லைங்கய்யா, கெடச்சிடுச்சு!" என்றாள் பில்லக்கா. பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தாள். தப்பினால் அவ்வளவுதான், அந்தக் குரல் இனி உலகத்தில் எங்கேயும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டாள். வெங்காயத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கட்டைவிரலை அதன் போக்கில் விட்டாள்.

போன் திறந்துகொண்டது.

அவசர அவசரமாக அலாரத்துக்குள் போய் அந்தப் பதிவைத் தட்டினாள். மெதுவாக ஒலிக்கும், காதருகே வைத்துக் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் தூங்குமூஞ்சியை எழுப்ப வைத்த அலாரம் அல்லவா? உச்சபட்ச சத்தத்தில் வீடே அதிர்ந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! படுக்கையறையிலிருந்து சமையலறை வழியாகக் கடைவரை செல்லும் பில்லக்கா விரைவு வண்டி, வழக்கம்போல் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. போர்வைக்குள் இருக்கும் பயணி உடனே எழுந்து காபி போடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்!"

நிறுத்துவதற்குள் கதவு திறந்தது. மைக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பில்லக்கா அவசரமாகப் பதிவை நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க... எனக்கு ஒரே ஒரு வாட்டி கேக்கணும்போல இருந்துச்சு."

அவர் வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். முதுகு மெல்ல நிமிர்ந்தது. ஒரு கையைக் குவித்து வாயருகே மைக்காகப் பிடித்துக்கொண்டு, போன் பேசப் பேச உதட்டை அசைத்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. பில்லக்கா தன் கணவர் பேசுவதை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு முடிந்தும் பதிவு முடியவில்லை. பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண்குரல் கத்தியது. பில்லக்காவுடையதேதான்.

"ஐயோ, கொஞ்சம் மெதுவாத்தான் பேசித் தொலைங்களேன்! பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் எழுந்து காபி போட்டுடப் போறாங்க!"

பதிவு அங்கே நின்றது. பில்லக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மைக்காரர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து கிசுகிசுத்தார்.

"இப்ப சத்தம் சரியா இருக்கா?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இல்லைங்க. ஒண்ணுமே கேக்கல. சத்தமாப் பேசுங்க."

அவர் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி குவித்த கையை மைக்காகப் பிடித்துக்கொண்டு, அவள் பதிவை ஓடவிடக் காத்து நின்றார்.