வலக்கையா, இடக்கையா?

போன ஞாயிறு உவரி சர்ச்சில் பூசை முடிவதற்கு முன்பே ஜெசிந்தா எழுந்து வெளியே வந்துவிட்டாள். நான் வழக்கம்போல ஆண்கள் கூட்டத்தோடு பெரிய வாசலை ஒட்டி நின்றிருந்தேன். என்னைக் கடந்து போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா?

புது வாசகர்களுக்காக... ஜெசிந்தா என் மனைவி. பிறந்த ஊர் உவரி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டிய பிறகு பிஎச்டி சேர்ந்தாள். பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் லேப். நான் டிரைவர், டீ மாஸ்டர், தேவைப்பட்டால் ஆறுதல் சொல்பவன்.

அப்படி என்ன ஆராய்ச்சி? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றில் நைட்ரஜன் சேர்ந்த சின்ன வளையம் ஒன்று இருக்குமாம். அதிலே வலக்கை, இடக்கை என்று இரண்டு வகை உண்டு. செருப்பு ஜோடி மாதிரி. ஒரே அளவு, ஒரே தோல், ஒரே தையல்... ஆனால் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு ஜங்ஷன் வரை நடந்து பாருங்கள். உடம்புக்குள்ளும் அதே கதைதான். ஒரு வகை மருந்தாக வேலை செய்யும். மற்றது சும்மா கிடக்கும், சில சமயம் கெடுதலும் செய்யும்.

ஆகவே ஒரு கை மட்டும் வேண்டும். அதற்கு ஜெசிந்தா இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறாள். முதல் ஆள் ஓர் உலோக வினையூக்கி. நீட்டமாகக் கிடக்கும் மூலக்கூறை அது வளைத்து வளையமாக்கும். இரண்டாவது ஆள் ஒரு என்சைம் — நம் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைக்கிறதே, அந்த வகையறா. வளையத்தை வலக்கையாக மட்டும் முடித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரே குடுவையில் சேர்த்துவிட்டால் உலோகம் என்சைமை ஒரேயடியாக முடக்கிவிடுமாம். இருவரையும் சண்டையில்லாமல் வேலை வாங்கக் கற்றுக்கொள்ளவே அவளுக்குச் சில வருஷங்கள் ஆயின.

'எந்த வளையத்தைக் கொடுத்தாலும் இந்த என்சைம் வலக்கைதான் செய்யும்.' அவளுடைய தீசிஸின் சாரம் இந்த ஒரு வரிதான். செய்துபார்த்த வளையமெல்லாம் அப்படியேதான் வந்தன. கடைசி வளையம் ஒன்றுதான் பாக்கி.

அது இடக்கையாக வந்து நின்றது.

மாதக் கடைசிக்குள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கெடுவை நீட்டிவிட்டார்கள், இனி நீட்ட மாட்டார்கள். கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். இத்தனை வருஷச் சாயங்காலங்களும் வீண். "அந்த என்சைம் என்னைய நல்லா ஏமாத்திட்டு" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மனசு கொஞ்சம் மாறட்டும் என்றுதான் சனிக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மாறவில்லை. காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தல வலிக்கா?"

"இல்லங்க. உள்ள உக்காந்தா அழுகையா வருது. அம்மா வரட்டும், போவோம்."

பூசை முடிந்தது. இந்தக் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. நாங்கள் எப்போதும் அதற்கு எதிரேதான் காரை நிறுத்துவோம். முதல் ஆளாக என் மாமியார்தான் வந்து நிற்பார். பெரிய வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு மச்சினன் மைக்கேல் சாவகாசமாக வருவான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வரிசை.

அன்றைக்கு மைக்கேல் முதலில் வந்தான்.

"அம்மா எங்கலே?" என்றாள் ஜெசிந்தா.

"பின்னால வாரா. பக்க வாசல அடைச்சிட்டாவ, பெயின்ட் அடிக்காவ. பொம்பளையளும் பெரிய வாசல் வழியாத்தான் வரணும். அங்கன நாங்கதான முன்னால நிக்கோம்?"

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஜெசிந்தா அடைத்திருந்த பக்க வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு யாரிடமோ பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்: "வாசல் மாறிட்டு. அதான் வரிசை மாறிட்டு."

மைக்கேல் என் பக்கம் திரும்பினான். "அத்தான், அக்காவுக்கு என்ன செய்யுது?"

"கார எடுங்க. லேபுக்குப் போகணும்" என்றாள் அவள்.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். "ஏட்டி, சீலா மீனு வாங்கி வச்சிருக்கேன். தின்னுட்டுப் போங்க."

"வந்து திங்கேம்மா" என்றபடி காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

திசையன்விளை தாண்டிய பிறகுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. எந்தக் கை என்று கண்டுபிடிக்க லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. அதில் ஒரு சாண் நீள எஃகுக் குழாய். சாம்பிளை உள்ளே விட்டால் வலக்கையும் இடக்கையும் பிரிந்து, ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் வெளியே வரும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் எழும்பும். அவளுடைய பழைய குழாயில் எப்போதும் வலக்கைதான் முன்னால் வரும்.

அந்தக் குழாய் போன மாதம் பழுதாகிவிட்டது. வேறொரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கினார்கள். திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் சாமானை யார் நிதானமாகப் பயன்படுத்துகிறார்கள்? நேரத்தை மிச்சம்பிடிக்க நினைத்து, தன் சாம்பிளை மட்டும் விட்டுப் பார்த்திருக்கிறாள். இந்த வளையத்துக்கு இரண்டு கோபுரமும் எந்தெந்த நிமிஷத்தில் எழும்பும் என்று குழாயோடு வந்த சீட்டில் இருந்தது, எது எந்தக் கை என்று இல்லை. முன்னால் ஒன்றுமில்லை. பின்னால் ஒற்றைக் கோபுரம். பின்னால் வந்தால் இடக்கை என்று முடிவு கட்டிவிட்டாள்.

"இந்தக் குழாய்க்குள்ள பூசியிருக்க சரக்கே வேற. இதுலயும் வலக்கைதான் முன்னால வரணும்னு என்ன இருக்கு? பழக்க தோஷத்துல படிச்சிட்டேன்."

"அப்ப வந்தது வலக்கைதானா?"

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி எல்லாம் எப்போது வந்தன, எப்போது போயின என்று எனக்கு நினைவில்லை. டீக்குக்கூட நிறுத்தவில்லை. நான் டீக்கு நிறுத்தவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

வாட்ச்மேன் அண்ணாச்சி சாவியை எடுத்துக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கெழமையும் விட மாட்டியளாம்மா?"

அவளிடம் ஒரு குட்டிக் குப்பி இருந்தது. அதே வளையம், வலக்கை என்று உறுதியாகத் தெரிந்தது, விலைக்கு வாங்கியது. முதலிலேயே இதை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இப்போது விட்டாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. முன்னால் வரவேண்டிய இடம் தட்டையாகவே கடந்துபோனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. கோடு இன்னும் கொஞ்சம் ஊர்ந்து... மேலே ஏறியது. பின்னால். அவளுடைய சாம்பிள் வந்த அதே இடத்தில்.

"வலக்கைதாங்க" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள், நடுவில் சிரித்தாள். பிறகு இரண்டு கையும் கலந்த சாம்பிளை விட்டு, இரண்டு கோபுரமும் தனித்தனியாக வருவதையும் பார்த்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்? அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

யார் முன்னால் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுகிறோம். ஸ்கூல் ரேங்கிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வரைக்கும் அப்படித்தான். வந்த வழி ஒன்றுதானா என்று கேட்கிறோமா? கெமிஸ்ட்ரி படித்தவளே கேட்க மறந்துவிட்டாள்.

கிளம்பும்போது அந்தக் குட்டிக் குப்பியை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனவள், உள்ளே இருந்த என்சைம் குப்பியைக் கையில் எடுத்தாள்.

"பாவம்ங்க... என்ன ஏச்சு ஏசிட்டேன் இத."

முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. என்சைமிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள் — வீட்டில் ஒருத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.