செருப்பைக் கரையில் விட்டுக் கப்பல் ஏறினேன்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் அபி எழுதுகிறாள். 2006ஆம் ஆண்டு ஆனி மாதம், ஜெர்மன் கடற்படையின் புதுப் போர்க்கப்பல் ஒன்றில் நேற்று நான் ஏறி இறங்கிய கதை இது.

நேற்றுச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு, நாங்கள் இருக்கும் ஹம் நகர நிலையத்தில் நானும் அபியும் ரயில் ஏறினோம். போகும் ஊர் வில்ஹெல்ம்ஸ்ஹாபன். வடக்கே, கடற்கரையில், இருநூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே துறைமுகத் திருவிழா. அன்றைக்குப் போர்க்கப்பல்களில் சனம் ஏறிப் பார்க்கலாம்.

என் கடைசி மகன் குகன் எம்டன் என்ற ஊரில் கப்பல் கட்டும் இடத்தில் வயர் இழுக்கிற வேலை செய்கிறான். இழுப்பது போர்க்கப்பலுக்கு என்று தெரிந்த நாளிலிருந்து அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவனுக்குப் பிறந்த பிள்ளையைக்கூடப் படத்தில்தான் பார்த்தேன். எங்கள் ஊர் பருத்தித்துறையில் இலங்கைக் கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல் கரைக்கு எதிரே வந்து நின்றால் எங்கள் வள்ளம் இறங்காது, அடுப்பும் எரியாது. அப்படிப்பட்ட கப்பலுக்கா என் பிள்ளை வேலை செய்வது?

"நான் வயர் இழுத்த கப்பலை ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டு என்னவெண்டாலும் பேசுங்கோ" என்று தொலைபேசியில் கெஞ்சினான். புறப்பட்டேன்.

வார இறுதிச் சீட்டு முப்பது யூரோச் சொச்சம். ஐந்து பேர் போகலாம், நாங்கள் இரண்டு பேர்தான். மேடையில் நின்ற சென்னை மாணவர் ஒருவர் ஒஸ்னாப்ருக் வரைக்கும் எங்களோடு ஒட்டிக்கொண்டார்.

"பாட்டி, பையன் எம்டன்லயா இருக்காரு? எங்க ஊர்ல பயங்கரமான ஆளைத்தான் எம்டன்னு சொல்லுவாங்க!"

"எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான் தம்பி. இவனும் அப்பிடித்தான்" என்றேன். ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். உலகக் கிண்ணப் பந்தாட்டக் காலம், கார்களிலெல்லாம் கொடி. குகன் நிலையத்தில் நின்றான், முன்மயிர் நரைத்திருந்தது. துறைமுகத்தில் பாண் ரொட்டிக்குள் உப்பில் ஊறவைத்த மீன் வைத்துத் தந்தான், இரண்டரை யூரோ. உப்புத்தான், ஆனால் நல்ல மீன்.

கப்பல் தெருவளவு நீளமாய் நின்றது. அதே சாம்பல் நிறம். ஏணிப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"நீங்கள் ஏறிப் பாத்திட்டு வாங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

குகன் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நின்று மேலே கையைக் காட்டினான். "அம்மா, இது தனிய ஜெர்மன்காரற்றை இல்லை. ஒல்லாந்தரோடை, அதுதான் டச்சுக்காரரோடை, சேர்ந்து யோசிச்சது. இவங்கள் இஞ்சை கட்டினாங்கள், அவங்கள் அங்கை கட்டினாங்கள். ஆகாயத்திலை வாறதையும் பாக்கும், தண்ணிக்குக் கீழை வாறதையும் பாக்கும். அந்தக் கோபுரத்திலை இருக்கிற ராடார் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்."

"ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டினவங்களெல்லோ?"

"அவங்கள்தான்."

அபி குறுக்கே விழுந்தாள். "அம்மம்மா, ரெண்டாம் உலகச் சண்டையிலை ஜெர்மன்காரர் அவங்கடை நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். பள்ளிக்கூடத்திலை படிச்சனான்."

"பிறகு?"

"பிறகென்ன, ஒரே மேசையிலை இருந்து கப்பல் படம் கீறியிருக்கினம்."

எங்கள் நாட்டில் இப்போது சண்டை நிறுத்தம் கடதாசியில் மட்டும் இருக்கிறது. ஏணிப்பாலத்தின் மேல் முனையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பெண்பிள்ளை ஒருத்தி நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்குச் சமையல் வேலையோ? கேள்."

அபி கீழே நின்றே கூவிக் கேட்டாள். பதில் வந்தது. "கப்பல் ஓட்டுற இடத்திலை நிக்கிறவவாம் அம்மம்மா!"

என் மனுசனின் வள்ளத்துக்கு முப்பது வருசம் நான் சாம்பிராணி காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் ஏறியதில்லை. பெண்ணின் கால் பட்டால் மீன் படாது என்பார்கள். இங்கே ஒரு பெண் கப்பலையே ஓட்டுகிறாள்.

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஏறினேன்.

வெயிலில் கப்பலின் மேல்தட்டு அடுப்புச் சட்டிபோலச் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்தேன். அந்தப் பெண்பிள்ளை ஓடி இறங்கி, என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் வைத்தாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"ஏனம்மா கழட்டினனீங்கள்?" என்று குகன் சிரித்தான்.

"புது வள்ளத்திலை ஆரடா செருப்போடை ஏறுறது?"

உள்ளே நடைபாதையில் தலைக்கு மேலே வயர்கள் கட்டுக் கட்டாக ஓடின. "இந்தப் பக்கம் நான் கட்டினது" என்றான் மெல்ல. அண்ணாந்து பார்த்தேன். கட்டுக்குக் கட்டு ஒரே அளவு இடைவெளி, ஒன்றும் பிசகவில்லை. அவன் தகப்பன் வலைக்கு முடிச்சுப் போடுவது இப்படித்தான்.

"வடிவாய்த்தான் கட்டியிருக்கிறாய்" என்றேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தக் கப்பலில் பீரங்கியும் இருக்கிறது, நான் பார்க்காமல் விடவில்லை. அது ஒரு நாளும் சுடவேண்டி வரக் கூடாது என்று அதன் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். இவர்களுக்குள் பகை முடிந்ததுபோல எங்கள் நாட்டிலும் ஒரு நாள் முடியும்.

இறங்கியதும் குகன் ஹம்முக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கப் போனான். "ரயிலை விடு. பையை உன்ரை காரிலை வை" என்றேன். எம்டனுக்கு ஒரு மணி நேர ஓட்டம்.

இன்றைக்கு ஞாயிறு. அவன் வீட்டில், சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். அபி, எழுதினது காணும், நிப்பாட்டு. இப்ப ஒருக்கா வாசி பிள்ளை. உரத்து வாசி, குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிக்கிற உன்ரை மாமாவுக்கும் கேக்கட்டும்.