இருநூறு அட்டைகளுக்குக் கொடி வரைந்தவள்

எங்கள் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ்களுக்குக் கையால் படம் போடுகிறவளை எல்லோரும் படக்காரக்கா என்றுதான் கூப்பிடுவோம். அட்டையின் இடது ஓரத்தில் ஒரு பூங்கொடியோ இரண்டு குருவியோ வரைவாள். இருநூறு அட்டை என்றால் இருநூறும் கையால்தான். ஒரு குருவி மாதிரி இன்னொன்று இருக்காது. "உங்க குருவிக்கு இன்னிக்கு ஜலதோஷமாக்கா?" என்று கிண்டல் செய்தால், "உன் மூக்கைப் பாத்துதான்டி வரைஞ்சேன்" என்பாள். அந்த வாயை நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நான் முன்னறையில் ஆர்டர் எடுத்து, வாசகத்தை கம்ப்யூட்டரில் அடிக்கிறவள். அவளுக்குப் பின்னறை ஜன்னலோரம். நான் சேர்ந்த புதிதில், எழுத்து அச்சான அட்டைகள்தான் அவளிடம் போகும். முடியாததை வீட்டுக்கு எடுத்துப் போவாள். அங்கே அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மணமக்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பாளாம். "நல்லா இருக்கட்டும்" என்றுவிட்டு அம்மா பிரஷ்ஷைத் தொடுவாளாம். தகப்பன் இல்லாத வீடு. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை.

அந்த மகள் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். "அவனைக் கட்டினா என் முகத்துல முழிக்காதே" என்று இவள் சொல்லிவிட்டாள். கோபத்தில் எந்தத் தாய்தான் சொல்லவில்லை? ஆனால் அந்தப் பெண்ணும் இவள் வயிற்றில் பிறந்தவள்தானே. சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அக்கா முதலாளியிடம் போய், "ஈரம் பட்டு எழுத்து கலங்குதுங்க. வெறும் அட்டையா குடுத்துடுங்க. படம் காஞ்சப்புறம் அச்சடிச்சுக்கலாம்" என்றாள். அவரும் சரியென்றார். அதிலிருந்து வெறும் அட்டைதான் பின்னறைக்குப் போகும். கட்டின் மேல் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எழுதிய ஒரு சீட்டை மட்டும் நான் செருகி அனுப்புவேன். என்ன படம் வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிடுவேன். ஒருமுறை, "மக ஏதாவது பேசினாளாக்கா?" என்று கேட்டேன். "போய் வேலையைப் பாரு" என்றாள். சும்மா இருந்திருக்கலாம், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு பையன் ஆர்டரோடு வந்தான், மாப்பிள்ளையின் தம்பியாம். "இருநூறு அட்டை. ஓரத்துல பூங்கொடி. இங்க படம் போடற அம்மா கையாலதான் வேணும்னு அண்ணி சொன்னாங்க" என்றான். வாசகத்தை இரண்டு தடவை படித்தேன். மணமகள் அக்காவின் மகள். மாப்பிள்ளை அக்கா வேண்டாமென்ற அதே ஆள். அக்காவின் பெயரும் அதில் இருந்தது.

முதலாளியிடம் ஓடினேன். "குடும்ப விஷயம். சீட்டைப் பாத்தா அவங்களுக்கே தெரியப்போகுது. நீ முந்திரிக்கொட்டையாட்டம் முந்தாதே" என்றார். நானும் சீட்டில் கொட்டை எழுத்தில் பெயரும் தேதியும் எழுதி, கட்டின் மேல் வைத்து அனுப்பினேன்.

ஆறு நாள் வரைந்தாள். அப்படி ஒரு கொடியை அதற்கு முன்னால் அவள் போட்டு நான் பார்த்ததில்லை. பெற்றவள் கை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று காத்திருந்தேன். மூச்சுவிடவில்லை. அட்டைகள் அச்சாகிப் போயும் சேர்ந்தன. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. என்ன கல் நெஞ்சு இது!

கல்யாணத்தன்றைக்குக் காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது தாங்க முடியாமல் கத்திவிட்டேன்.

"இன்னிக்குக்கூட வேலைக்கு வரணுமாக்கா? நீங்க மனுஷிதானா?"

"ஏன், இன்னிக்கு என்னடி?"

அவள் நிஜமாகவேதான் கேட்டாள். ஜன்னலோரத்துக்கு ஓடினேன். அவள் மேஜையில் பழைய சீட்டுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் வெறும் பக்கத்திலும் வண்ணத்தைத் தொட்டுப் பார்த்த தீற்றல்கள். மகளின் கல்யாணச் சீட்டைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் முழுக்கப் பச்சை. திருப்பிக் காட்டினேன். என் கொட்டை எழுத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நான் எதையும் படிக்கறதில்லடி" என்றாள். "அவ போனதுலேர்ந்து, இன்னார் மகள்னு எழுதியிருக்கறதைப் பாக்க முடியல. எழுத்து கலங்குதுன்னு சொன்னது பொய்."

ஆட்டோ பிடித்தோம். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. நாங்கள் போனபோது இரண்டு. மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே விமானம், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை என்றார் மேனேஜர். அவரிடம் மகளின் நம்பர் வாங்கி என் போனில் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"ஒன்பதரை வரைக்கும் வாசல்லயே நின்னேம்மா. என்னால எல்லாரும் காத்திருந்தாங்க."

"எனக்குத் தெரியாதுடி கண்ணு. சத்தியமா தெரியாது."

"பொய் சொல்லாதம்மா. நேர்ல வந்தா முகத்துல முழிக்காதேன்னுவ. அதான் அட்டையை உன் கைக்கு அனுப்பினேன். உனக்குப் பேரு படிச்சுக் காட்டினவ நான். என்கிட்டயே தெரியாதுங்கற. இருநூறு தடவை படிச்சும் உனக்கு மனசு வரல."

வைத்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொல்லலாம் என்று திரும்பத் திரும்ப அடித்தேன். போனை அணைத்துவிட்டிருந்தாள்.

கண் கெட்ட பிறகு எனக்குச் சூரிய நமஸ்காரம். முதலாளி தடுத்தார் என்பதெல்லாம் சாக்கு. "கல்யாணம் என்னிக்குக்கா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ரோஷம் பார்த்தேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். "அட்டையில என்னடி போட்டிருந்தா? சொல்லு."

நான் அடித்த வாசகம், எனக்கு மனப்பாடம். "'என் மகளின் திருமணத்துக்கு அனைவரும் வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறேன்.' கீழ, அழைப்பதுன்னு போட்டு உங்க பேருக்கா. உங்க பேரு மட்டும்தான்."



"எல்லாரையும் வரச்சொல்லிட்டு, நான் போகலையேடி" என்றாள்.