அடிவாரத்தில் தங்கிய பஸ்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். நான் ஒருத்தன்தான் பஸ் கண்டக்டர். அது ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஒரு சின்ன கம்பெனி, மொத்தமே மூன்று பஸ். பச்சைமலை அடிவாரத்துக்கு ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம், ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பஸ் நின்றால் என் வேலையும் போச்சு. வீட்டில் மானம் கப்பலேறிவிடும்.

மூன்று வாரம் காலியாகவே திரும்பினேன். காற்றுக்கா டிக்கெட் கிழிக்கிறீர் என்று டிரைவர் கேலி செய்தார். எனக்கு வந்ததே கோபம்! அடிவாரத்தில் கூடியிருந்தவர்களிடம் கத்தியே விட்டேன். மரவள்ளிக்கிழங்கை விடியுமுன் தலையில் சுமந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்கு நடக்கிறீர்களே, எட்டு மணி பஸ்ஸுக்குக் காத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்?

ஓர் அம்மா நிதானமாகச் சொன்னார்: "கிழங்குதாங்க கெட்டுப்போகும். மொத நாள் நம்பி நின்னோம். உங்க வண்டி வழியிலேயே படுத்துடுச்சு, சந்தையும் கலைஞ்சு போச்சு. அத்தனையும் குப்பையில கொட்டினோம்."

சுமக்கத் தலையை விட்டால் வேறு வழியில்லை என்பதால், தலை தாங்கும் அளவுக்கு மேல் யாரும் நடுவதே இல்லையாம். மண் இருக்கிறது, மழை இருக்கிறது, உழைக்க ஆள் இருக்கிறது. ஊர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பஸ் வந்தால் நடுவோம் என்கிறார்கள் இவர்கள். சுமை இருந்தால் பஸ் விடுவேன் என்கிறார் முதலாளி. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

முதலாளியிடம் போய் நின்றேன். கடைசி வாரம் பஸ் ராத்திரி அடிவாரத்திலேயே தங்கட்டும் என்றேன். கண்ணெதிரே நிற்கிற வண்டி காலையில் கிளம்பித்தானே ஆக வேண்டும்? பெரிய கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். ஆனாலும் சரி என்றார்.

சாயங்காலம் பஸ்ஸை நிறுத்தியதும் ஊரே சுற்றி வந்து பார்த்தது. விடிந்தபோது எனக்குக் கால் வைக்க இடமில்லை. மேலே மூட்டை, உள்ளே மூட்டை, நடுவில் கோழிகள். சந்தோஷம் தாங்காமல் விசிலை ஊதிக்கொண்டே வந்தேன். டிரைவர் திட்டித் தீர்த்தார்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் முதலாளி நின்றிருந்தார். அந்த அம்மா இறங்கி நேரே அவரிடம் போனார்.

"வருஷம் பூரா வருமாங்க? வரும்னா மேல்காட்டையும் திருத்தி நடுவேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க."

முதலாளி இந்த முறை சிரிக்கவில்லை. மூட்டைகளைப் பார்த்தார்.

"நடுங்கம்மா. வண்டி அங்கதான் தங்கும்."

அம்மா உடனே என் பக்கம் திரும்பி, திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மேல்காட்டில் நட மரவள்ளிக் குச்சி வெட்ட வேண்டுமாம்.